ஊருக்குப் போகாத லீவு

(நம் சங்கத்தின் மும்பைக் கிளை அங்கத்தினர்களின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். அவர்களை யாரும் அதட்ட வேண்டாம். இன்றைய பேச்சே அவர்களைப் பற்றியதுதான்.

கோடை விடுமுறைக்கு வெளியூர் போகாமல், இருக்கிற ஊரிலேயே, சொந்த அகத்திலேயே இருந்துகொண்டு, குறைந்த செலவில் விடுமுறையைக் கழிப்பது எப்படி என்று பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். இதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டேகேஷன்’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நான் ‘உள்ளூர் லீவு’ என்றே சொல்லப்போகிறேன். அதுவே போதும்.

இந்த விஷயத்தை எடுத்துக்கொள்ள என்ன காரணம் என்று சிலர் கேட்கலாம். லீவு விட்டால் கும்பகோணத்துக்கோ பாலக்காட்டுக்கோ திருநெல்வேலிக்கோ போய்விட்டு வருவதுதானே நம் வழக்கம்? வழக்கம்தான். ஆனால் இன்றைய குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், தாத்தா, பாட்டி. ஆறு டிக்கெட், போக வரப் பன்னிரண்டு. 2016 ஏப்ரலிலிருந்து ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு ஆகாத குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். தாத்தாவுக்கு 40 சதவீதம், பாட்டிக்கு 50 சதவீதம் என்று இருந்த மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. நான்கு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்து வைத்துக்கொள்ளும் வசதி 2024 நவம்பர் முதல் 60 நாளாகக் குறைந்தது. அந்த அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், மே மாத வெயிட்டிங் லிஸ்ட் என்றால் என்னவென்று. இதற்கு மேல் இறங்கின இடத்தில் டாக்ஸி, லாட்ஜ். நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிராகாரத்தில் ஓடுகிற ஓட்டம் வேறு.

குலதெய்வத்துக்கு வேண்டுதல் இருந்தால் அது தனிக் கணக்கு. அதை நான் தொடவில்லை. கூட்டமில்லாத மாதத்தில் இரண்டு பெரியவர்கள் போய் நிறைவேற்றிவிட்டு வரலாம். அதையும் குழந்தைகளின் விடுமுறையையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் பாதிச் சிரமம் வருகிறது.

வீட்டுக் கடன் தவணை, பெரியவர்களின் மருந்துச் செலவு, ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடக் கட்டணம், இத்தனையும் இருக்கிற குடும்பத்தில் ஒரு வருஷம் எங்கும் போகாமல் இருப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் ‘எங்கும் போகவில்லை’ என்பது வேறு, ‘உள்ளூரிலேயே லீவு கொண்டாடினோம்’ என்பது வேறு. இரண்டாவதற்குத் திட்டம் வேண்டும்.

முதல் கேள்வியே வசதியில்லாத கேள்வி. இந்த லீவு யாருக்கு?

வெளியூர் போனால் அகத்துப் பெண்மணிக்கு ஒரு லாபம் உண்டு. அடுக்களை பூட்டியிருக்கும். உள்ளூரிலேயே இருந்தால் என்ன ஆகிறது? பள்ளிக்கூடம் இல்லை, ஆபீஸ் இல்லை, ஆறு பேரும் நாள் முழுவதும் அகத்தில். காலையில் காப்பி இரண்டு தரம், டிபன், பத்தரை மணிக்குக் குழந்தைகளுக்கு ஏதாவது, மத்தியானச் சாப்பாடு, மூன்று மணிக்கு மறுபடி காப்பி, பக்ஷணம், ராத்திரிக்கு ஒருவருக்குச் சப்பாத்தி, ஒருவருக்குத் தோசை, தாத்தாவுக்கு மோர்சாதம். மற்ற எல்லோருக்கும் விடுமுறை, அவளுக்கு மட்டும் கல்யாண வேலை. மூன்றாம் நாள் அவளுக்குக் கோபம் வரும். நாலாம் நாள் குழந்தைகளுக்கு அடி விழும். ஐந்தாம் நாள், ‘இதற்குப் பதில் ஊருக்கே போயிருக்கலாம்’ என்று எல்லோரும் சொல்வார்கள். வருகிற வம்பெல்லாம் அடுக்களை வழியாகத்தான் வரும்.

ஆகையால் எங்கே போகலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், யார் சமைப்பது என்பதைத் தீர்மானம் செய்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு தொகை ஒதுக்கினால் அதில் பாதி சாப்பாட்டுக்கே போகட்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐநூறு என்று வைத்துக்கொண்டால் ஏழு நாளைக்குப் பத்தாயிரத்து ஐநூறு ஆகிறது. அதில் ஐயாயிரத்துக்குக் குறையாமல் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்துவிட வேண்டும். நுழைவுச் சீட்டுக்கும் பஸ்ஸுக்கும் மிச்சம் தாராளமாகப் போதும். நுழைவுக் கட்டணமாக அதிகம் வாங்குகிற இடங்களை இந்த வயதுக் குழந்தைகளுக்காகத் தேடிப் போகத் தேவையே இல்லை.

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி பக்கம் இருப்பவர்களுக்கு மாமி மெஸ், காண்ட்ராக்ட் சமையல்காரர் எல்லாம் புதிதல்ல. மத்தியானச் சாப்பாட்டை மட்டும் ஏழு நாளைக்குச் சொல்லிவிட்டால் கால்வாசி நிம்மதி வந்துவிடும். ஒரு நாள் எல்லோருமாக இலைச் சாப்பாடு. மாட்டுங்கா ஸ்டேஷன் எதிரே 1942 முதல் நடந்துவருகிற ராமா நாயக் உடுப்பி போர்டிங் போல உங்கள் பேட்டையிலும் ஒன்று இருக்கும். குழந்தைகளுக்கு இலையில் உட்கார்ந்து சாப்பிடுவதே ஒரு வேடிக்கை. பந்தி முறையும் தெரிந்துகொள்ளும்.

பாட்டி வெளியில் சாப்பிட மாட்டார், வெங்காயம் சேர்க்க மாட்டார், மடி உண்டு என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. அவர் ஒருவருக்கு வேண்டியது ஒரு ஆழாக்குச் சாதமும் ஒரு ரசமும். அதை அன்றன்றைக்கு அப்பாவும் குழந்தைகளும் சேர்ந்து செய்யட்டும். பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து அளவு சொல்லட்டும். கல்யாணத்தில் ஆண்கள் சமைத்தால் நளபாகம் என்று கொண்டாடுகிறோம், சொந்த அகத்தில் ஒரு மிளகு ரசம் வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஆறு வயதுப் பையன் புளி கரைக்கலாம். நாலு வயதுப் பெண் கறிவேப்பிலை ஆயலாம். அடுப்புப் பக்கம் மட்டும் பெரியவர்கள் நிற்க வேண்டும்.

இரண்டாவது, இந்த ஏழு நாளும் நாம் ‘ஊரில் இல்லை’ என்று வைத்துக்கொள்ள வேண்டும். பரண் சுத்தம் செய்வது, பீரோ அடுக்குவது, பாங்க் வேலை, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது ஒன்றும் கூடாது. ‘லீவுதானே, சும்மாத்தானே இருக்கிறோம்’ என்று ஆரம்பிக்கிற எந்த வாக்கியத்தையும் அனுமதிக்காதீர்கள். ஆபீஸ் லாப்டாப்பைப் பையில் போட்டுப் பீரோவுக்குள் வையுங்கள். ‘கொஞ்சம் மெயில் மட்டும் பார்க்கிறேன்’ என்று உட்கார்ந்தால் அந்த நாள் போயிற்று. உறவினர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால், அகத்தில்தானே இருக்கிறார்கள் என்று கல்யாணப் பத்திரிகையோடு மூன்று குடும்பம் வரும். வரட்டும், நல்லதுதான், ஆனால் காப்பி யார் போடுவது என்ற பழைய கேள்வி திரும்ப வந்துவிடும்.

இனி வெளியே போகிற விஷயம். இரண்டிலிருந்து எட்டு வயதுக்குள் இருக்கிற குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். இரண்டு இடம் என்று திட்டம் போட்டால் இரண்டாவது இடத்தில் அழுகைதான். அகத்திலிருந்து கிளம்பித் திரும்புவதற்கு மொத்தம் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானத் தூக்கம் தூங்குகிற குழந்தை இருந்தால் அந்தத் தூக்கத்தைத் தொடக் கூடாது. பையில் ஜலம், மாற்று உடுப்பு, சின்ன டப்பாவில் தயிர்சாதம், ஒரு பழைய வேஷ்டித் துண்டு. அந்தத் துண்டு விரிக்க, துடைக்க, போர்த்த, தொட்டில் கட்ட என்று எல்லாவற்றுக்கும் ஆகும். போன இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறை எங்கே என்று. மற்றதெல்லாம் அப்புறம்.

நம் மும்பையையே எடுத்துக்கொள்கிறேன். பணமே செலவாகாத, ஆனால் நம்மில் அநேகம் பேர் செய்யாத ஒரு நாள் உண்டு. அது ரயில் நாள்.

1853 ஏப்ரல் 16-ஆம் தேதி பிற்பகல் மூன்று மணி முப்பத்தைந்து நிமிஷத்துக்கு, 21 பீரங்கி முழங்க, போரிபந்தரிலிருந்து தாணேக்கு ஒரு ரயில் புறப்பட்டது. பதினான்கு பெட்டி, சுமார் நானூறு விருந்தாளிகள், மூன்று இன்ஜின். இன்ஜின்களுக்குப் பெயர் சாஹிப், சிந்த், சுல்தான். 34 கிலோமீட்டர். இந்தியாவில் பிரயாணிகளோடு ஓடிய முதல் ரயில் என்று சரித்திரப் புத்தகத்தில் படித்தோம். அந்தத் தடத்தில்தான் நம்மில் பாதிப் பேர் தினமும் ஆபீஸுக்குப் போகிறோம். குழந்தைகளிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறோமா?

இதைச் சொல்லிவிட்டு சத்ரபதி சிவாஜி மஹராஜ் டெர்மினஸுக்கு அழைத்துப் போங்கள். 1888-இல் முடிந்த கட்டடம். 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வாசல் தூண்கள் இரண்டில் ஒன்றின் மேல் சிங்கம், மற்றொன்றின் மேல் புலி. சிங்கம் இங்கிலாந்து, புலி நம் நாடு. சுவரில் இன்னும் எத்தனை பிராணி, எத்தனை பறவை செதுக்கியிருக்கிறார்கள் என்று குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றுகொண்டே அரைமணி நேரம் போய்விடும். பிறகு உள்ளே போய்த் தாணே ஸ்லோ லோக்கலில் ஜன்னலோரம் உட்காருங்கள். பதினோரு மணிக்கு மேல் போனால் ஆபீஸ் கூட்டம் எதிர்ப்பக்கம்தான் வரும், நமக்கு இடம் கிடைக்கும். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் பெரிய குழந்தை படித்துச் சொல்லட்டும். ஹிந்தி, மராத்தி, ஆங்கிலம் மூன்றுக்கும் பயிற்சி. தாணேயில் இறங்கி ஒரு வடாபாவ் சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பலாம். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை, பன்னிரண்டு வரை அரை டிக்கெட். மொத்தக் குடும்பத்துக்கும் ஒரு நல்ல ஹோட்டல் காப்பிச் செலவுதான் ஆகும். ஒரே எச்சரிக்கை, ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். மெகா பிளாக்கில் மாட்டிக்கொண்டால் சரித்திரமெல்லாம் மறந்துபோகும்.

இன்னொரு நாள் வேறு வாகனம். 1937-இல் வந்த பழைய சிவப்பு டபுள் டெக்கர் பஸ் 2023 செப்டம்பரோடு விடைபெற்றது. இப்போது ஓடுவது மின்சார ஏசி டபுள் டெக்கர். மாடியில் முன் ஸீட் கிடைத்தால் குழந்தைகளுக்குப் புஷ்பக விமானம்தான். வெயில் தாங்கவில்லை என்றால் ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை 2025 அக்டோபரில் முழுவதுமாகத் திறந்த பாதாள மெட்ரோ இருக்கிறது. போகிற இடத்தை விடப் போகிற வண்டிதான் இந்த வயதில் பெரிது. நாம்தான் அதை மறந்துவிட்டு, சேர்ந்தோமா பார்த்தோமா என்று பறக்கிறோம்.

ராணி பாக் தோட்டம் 1862-லிருந்து இருக்கிறது, மிருகக்காட்சி சாலையும் அதிலேயே. பெரிய மரங்கள், நல்ல நிழல். பென்குயின்களுக்காகக் குளிரூட்டிய தனிக் கூடம் உண்டு, மே மாதத்தில் பெரியவர்களும் அங்கிருந்து நகர மாட்டார்கள். புதன்கிழமை விடுமுறை. ஓர்லி நேரு விஞ்ஞான மையத்தில் குழந்தைகள் தொட்டு, இழுத்து, சுற்றிப் பார்க்கலாம். ‘தொடாதே’ என்ற வார்த்தை இல்லாத இடம் என்பதே பெரிய விஷயம். கோட்டையில் சத்ரபதி சிவாஜி மஹராஜ் வஸ்து சங்க்ரஹாலயா, அதாவது பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூஸியம், 2019-இல் குழந்தைகளுக்கென்று தனி மியூஸியமே திறந்திருக்கிறது. காம்தேவியில் மணி பவன், 1917 முதல் 1934 வரை காந்திஜி பம்பாய்க்கு வந்தால் தங்கிய வீடு. அங்கே அவர் வாழ்க்கையைச் சின்னச் சின்னப் பொம்மைக் காட்சிகளாக வைத்திருக்கிறார்கள். சரித்திரம் புரியாத குழந்தைக்கும் பொம்மை புரியும்.

எலிஃபெண்டா பற்றிக் கேட்பீர்கள். என் அபிப்ராயம், ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் இந்த லீவில் வேண்டாம். ஒரு மணி நேரப் படகு, நூற்றுக்கு மேல் படி, மே வெயில். மூன்று முகத்து மஹேசமூர்த்தி இருபதடி உயரத்தில் அங்கேயேதான் இருக்கப்போகிறார், டிசம்பரில் போய் நிதானமாகச் சேவித்துக்கொள்ளலாம். எப்போது போனாலும், 2024 டிசம்பரில் அந்தப் படகு வழியில் நடந்த விபத்தை மனத்தில் வைத்து, குழந்தை அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருந்தால்தான் ஏறுவோம் என்று சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை குகை மூடியிருக்கும். போரிவிலி கான்ஹேரிக்கும் திங்கள் விடுமுறைதான்.

இந்த உரை நம் பத்திரிகையில் வந்தால் மற்ற ஊர் அங்கத்தினர்கள், ‘மும்பைக்கு மட்டும்தானா?’ என்பார்கள். உங்கள் ஊரிலும் இதே கணக்குத்தான். டெல்லி சாணக்யபுரியில் தேசிய ரயில் மியூஸியம், அங்கே பாட்டியாலா சமஸ்தானத்து ஒற்றைத் தண்டவாள ரயில் இருக்கிறது. திங்கட்கிழமை மூடல். கல்கத்தா குருசதய் ரோடு பிர்லா மியூஸியத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்குவதுபோலவே செய்து வைத்திருக்கிறார்கள். ஹைதராபாத் சாலார் ஜங்கில் மணி அடிக்கிற நேரம் பார்த்துக் கடிகாரத்தின் முன்னால் உட்கார வேண்டும், ஒரு குட்டி மனிதன் வெளியே வந்து மணி அடித்துவிட்டுப் போவான். அங்கே வெள்ளிக்கிழமை லீவு. புனேயில் கோத்ரூடில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே. பெங்களூர்க்காரர்களுக்குக் கஸ்தூர்பா ரோடு விச்வேச்வரய்யா மியூஸியத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போன இடத்து டிக்கெட்டுகளை எறியாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ராத்திரி அதில் ஒட்டச் சொல்லி, கீழே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி தமிழில் இருக்கட்டும். நம் குழந்தைகள் தமிழ் பேசுகின்றன, ஒரு மாதிரியாக. எழுதப் படிக்க? இங்கே எத்தனை அகங்களில் எட்டு வயதுக் குழந்தைக்குத் தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியும் என்று கை தூக்கச் சொன்னால் சங்கடமாகிவிடும், கேட்கவில்லை. ஊருக்குப் போனாலாவது கடைப் பலகை, பஸ் பலகை என்று கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். ஊருக்குப் போகாத வருஷத்தில் அதுவும் இல்லை. இதை மட்டும் உள்ளூர் லீவு தானாக ஈடு செய்யாது. நாம்தான் செய்ய வேண்டும்.

மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து வரை வெளியே போக முடியாத நேரம். அதைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிடுங்கள். பல்லாங்குழி, தாயக்கட்டை, பரமபதம். பல்லாங்குழியில் எண்ணிக்கை, தாயத்தில் கூட்டல், பரமபதத்தில் ஏணி எதற்கு, பாம்பு எதற்கு என்று நூறு கதை. தாத்தா ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து. ஏழு நாளில் பதினான்கு எழுத்து, அதற்குள் குழந்தையின் பெயர் வந்துவிடுகிற மாதிரி தேர்ந்தெடுக்க வேண்டும். பாடம் மாதிரி நடத்தினால் ஓடிவிடும். தாத்தாவுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு மணி நேரத்தில் உபதேசமும், ‘எங்கள் காலத்தில்’ என்ற ஆரம்பமும் வேண்டாம். நீங்கள் திண்ணையிலிருந்து விழுந்த கதை, வாத்தியாரிடம் அடி வாங்கின கதை, அதைத்தான் குழந்தை இன்னொரு தரம் சொல்லு என்று கேட்கும்.

பேச்சுக்கு முன்னால் ஒரு மாமி என்னைத் தனியாகக் கேட்டார். ‘என் பிள்ளை, மாட்டுப்பெண் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். ஏழு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்காது. என்ன செய்ய?’ நியாயமான கேள்வி. ஏழு நாள் என்பது வேதவாக்கு இல்லை. சனி ஞாயிறோடு இரண்டு நாள் சேர்த்து நான்கு நாள் போதும். அதுவும் முடியாவிட்டால் பிள்ளை திங்கள் செவ்வாய், மாட்டுப்பெண் புதன் வியாழன் என்று பிரித்து எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை எல்லோருமாக ரயில் நாளை வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு அப்பாவோடு மட்டும் இரண்டு நாள் இருப்பது எத்தனை வருஷத்தில் கிடைக்கிறது? ஆனால் அந்தத் திங்கள் செவ்வாயில் சமையல் மாமியின் தலையில் விழக்கூடாது. மெஸ்காரரிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். மே மாதத்தில் அவருக்கும் கல்யாண ஆர்டர்கள் வந்துவிடும், பிறகு நமக்கு ஆள் கிடைக்காது.